இரைச்சலுக்குள் ஒரு கிட்டார்

காலியாக இருக்கும் பாரில் ஒருவர் கிட்டாரை மீட்டிப் பாடினால் கடைசி மேசை வரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். இரவில் அதே பார் நிரம்பிய பிறகு, அதே பாடகர் அதே பாட்டை அதே குரலில் பாடினால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு உதட்டசைவு தெரியும்; பாட்டு எட்டாது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் சிக்கல் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் சில நிமிடங்களில் கூட்டத்தின் பேச்சும் அதற்கேற்ப உயர்ந்துவிடுகிறது. இதைவிட விந்தையான ஒன்றும் உண்டு. யாரும் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியில், ஊரறிந்த பழைய பாட்டொன்றின் தொடக்கச் சுரங்கள் விழுந்ததும் மூலையில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒலியின் அளவோ துளியும் மாறியிருக்காது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில் இந்தப் புதிர் பலருக்கு அன்றாடப் பிழைப்பு. அங்கே லோயர் பிராட்வே தெருவில் ஹாங்கி-டாங்க் எனப்படும் பார்கள் வரிசையாக நிற்கின்றன. 1960இல் தொடங்கிய டூட்சீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச் அவற்றில் பேர்பெற்றது. பகலிலேயே நேரடி இசை தொடங்கிவிடும். நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஒற்றைக் கிட்டாருடன் ஒருவரே பாடுவதும் அங்கே உண்டு. பாடப்படுபவை பெரும்பாலும் பிறர் புகழ்பெறச் செய்த பாட்டுகள். கவர் பாட்டு என்று அவற்றைச் சொல்வார்கள். வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான் என்பதால், காதில் விழாத பாட்டு பாடகருக்குச் சோறு போடாது.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் அமைதியான அறையில் ஒரு மீட்டர் இடைவெளியில் பேசினால், காதை எட்டும் ஒலி சுமார் 60 டெசிபெல். டெசிபெல் சாதாரணக் கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படாத அளவுகோல். சமமான இரண்டு ஒலிகள் சேர்ந்தால் அளவு 3 டெசிபெல் கூடும். பத்து சேர்ந்தால் 10, நூறு சேர்ந்தால் 20. காது உணரும் உரப்பு ஏறக்குறைய இருமடங்காவதற்கு 10 டெசிபெல் தேவை. எல்லோரும் வீட்டில் பேசுவதுபோலவே பேசினால், ஐம்பது பேர் இருக்கும் அறைகூடப் பாட்டைக் கேட்க முடியாத அளவுக்கு இரைச்சலாக இராது. ஆனால் நெரிசலான பாரில் 80, 85 டெசிபெல் என்பது சாதாரணம். ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமாக முடியாது.

மீதிக் காரணத்தைக் கண்டறிந்தவர் எத்தியென் லொம்பார் என்ற பாரிஸ் நகரத்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் ஒரு கருவியின் மூலம் இரைச்சலை ஊட்டினார். உடனே நோயாளியின் குரல் உயர்ந்தது. இரைச்சலை நிறுத்தியதும் பழைய நிலைக்கு இறங்கியது. தன் குரல் ஏறியதும் இறங்கியதும் நோயாளிக்குத் தெரியவே இல்லை. 1911இல் லொம்பார் இதை வெளியிட்டார். காது கேட்கவில்லை என்று பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிக்க அக்காலத்தில் இது உதவியது. உண்மையில் கேட்காதவரின் குரல் ஏறுவதற்கு வழியில்லை. இன்று இது லொம்பார் விளைவு எனப்படுகிறது. பின்னணி இரைச்சல் 10 டெசிபெல் உயர்ந்தால் பேசுபவரின் குரல் 3 முதல் 6 டெசிபெல் வரை தானாகவே உயர்கிறது. பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகளும் இரைச்சல் மிகுந்த இடங்களில் உரக்கப் பாடுகின்றன என்று ஹென்றிக் புரும் கண்டறிந்திருக்கிறார். ஆகவே இது மனிதரின் பழக்கவழக்கத்தோடு முடிந்துவிடும் செய்தி இல்லை. உயிரினங்களின் நரம்பில் ஊறியது.

ஒரு மேசையில் பேச்சு உயர்ந்தால் அதுவே பக்கத்து மேசைக்கு இரைச்சல். அவர்களும் உயர்த்துவார்கள், அது முதல் மேசைக்குத் திரும்பி வரும். வில்லியம் மக்லீன் என்பவர் 1959இல் இந்தச் சங்கிலியைக் கணக்கிட்டுக் காட்டினார். ஓர் அறை குறிப்பிட்ட எண்ணிக்கை விருந்தினர் வரை அமைதியான உரையாடலைத் தாங்கும். அந்த வரம்பைத் தாண்டியதும் அறை திடீரென இரைச்சல் நிலைக்குத் தாவிவிடும். எல்லோரும் சேர்ந்து குரலை உயர்த்துவதால் யாருக்கும் பயன் கிடைப்பதில்லை. கடைசியில் தலைகள் ஒன்றையொன்று நெருங்குவதுதான் மிச்சம்.

பாடகரின் ஒலிபெருக்கியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். பாட்டை 6 டெசிபெல் கூட்டினால், அதில் கணிசமான பங்கைக் கூட்டத்தின் குரலேற்றம் விழுங்கிவிடும். கிடைக்கும் லாபம் சிறிது. அறையின் மொத்தச் சத்தமோ நிரந்தரமாக ஒரு படி மேலே போய்விடும். பல பாடகர்கள் மாலையில் முதல் பாட்டிலிருந்தே சத்தத்தை அடக்கி வைப்பதற்குக் காரணம் இதுவே. சத்தம் ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். எவ்வளவு சத்தம் என்பதைவிட, எந்தச் சத்தம் என்பது முக்கியம். வெள்ளைப் பளிங்குத் தரையில் அரிசி மாவால் கோலம் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. சாணம் மெழுகிய வாசலில் அதே அளவு மாவு பளிச்சென்று தெரியும். மாவு குறையவில்லை, பின்னணிதான் அதை மறைத்தது. காதில் நடக்கும் இதே வகை நிகழ்வுக்கு ஒலி மறைத்தல் என்று பெயர். ஓர் ஒலி மற்றோர் ஒலியை, குறிப்பாகத் தன்னைப் போன்ற அதிர்வெண் கொண்டதை, கேட்கவிடாமல் செய்வதே அது. வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். கிட்டாரின் மிகத் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் சுமார் 82 ஹெர்ட்ஸ், மிக மெல்லிய கம்பி சுமார் 330 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கம்பியும் அந்த அடிப்படை அதிர்வோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது.

காது இந்த ஒலிகளை எப்படிப் பிரிக்கிறது என்பதைக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் கியோர்க் ஃபான் பெக்கேசி. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவை இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்து, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வின் அசைவை நுண்ணோக்கியில் பார்த்தார். சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தச் சவ்வில் ஒலி ஓர் அலையாக நகர்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் வாசலுக்கு அருகிலேயே உச்சம் பெறுகின்றன. தாழ்ந்தவை மறுமுனை வரை பயணம் செய்கின்றன. 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாரில் பாடுபவருக்கு இந்தக் கண்டுபிடிப்பின் பொருள் மிகவும் நேரடியானது. தாழ்ந்த ஒலியின் அலை தன் இடத்தை அடைய, உயர்ந்த ஒலிகளின் பகுதியைக் கடந்தே போக வேண்டும். போகும் வழியில் அந்தப் பகுதியையும் அசைத்துக் குழப்புகிறது. உயர்ந்த ஒலிக்கு அந்த வல்லமை இல்லை. அதன் அலை வாசலருகிலேயே அடங்கிவிடுகிறது. தாழ்ந்த ஒலி உயர்ந்ததை மறைக்கும், உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது என்ற உண்மையை ஆல்ஃபிரட் மேயர் 1876இலேயே கவனித்திருந்தார். 1924இல் வெகல், லேன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை முறையாக அளந்தார்கள். கிட்டாரின் அடித்தொனியைக் கூட்டினால் பாட்டுக்குக் கனம் வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: அந்த அடித்தொனி பாடகரின் சொற்களையே முதலில் விழுங்குகிறது.

பேசும் கூட்டத்தின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் குவிந்திருக்கிறது. அதற்கு மேலே போகப் போக இறங்குகிறது. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கூட்டம் ஒப்பீட்டளவில் மெலிவு. சொற்களுக்கு விளிம்பு தருகிற மெய்யொலிகளின் கூர்மையில் பெரும்பங்கு இங்கும் இதற்கு மேலும்தான் இருக்கிறது. செவிக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்துக்குள் அடைபட்ட காற்று 3000 ஹெர்ட்ஸ் அருகில் ஒத்ததிர்வு கொள்வதால், காதின் கூர்மையும் அந்தப் பகுதியில்தான் அதிகம்.

ஸ்டாக்ஹோம் நகரத்து ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஆப்பரா பாடகர்களை ஆராய்ந்து இதே இடைவெளியைக் கண்டார். மைக் இல்லாமல் பாடும் ஒருவர், முழு வாத்தியக் குழுவைத் தாண்டி எப்படிக் கேட்கிறார்? வாத்தியக் குழுவின் ஆற்றலும் 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சம் பெற்றுப் பின் சரிகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளைக்கு மேலுள்ள குழாயின் வடிவை மாற்றி, 3000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு தனிக் குவியலை உண்டாக்குகிறார்கள். அதைப் பாடகர் ஒலிக்குவியம் எனலாம். வாத்தியங்கள் மெலியும் இடத்தில் குரல் தலை தூக்குகிறது. அதற்காகக் கூடுதல் மூச்சைச் செலவிட வேண்டியதில்லை. பாரில் ஆப்பரா பாடுவதில்லை. ஆனால் நாஷ்வில் கன்ட்ரி பாடகர்களின் ட்வாங் என்ற கூரான குரல் பாணியிலும் இந்த மேல் அதிர்வெண்களின் பங்கு கூடுதல். நேர்த்தியற்றது என்று சிலர் ஒதுக்கும் அந்தப் பாணி, இரைச்சலுக்குள் வேலை செய்ய மிகவும் தகுந்தது.

கிட்டாருக்கும் இதே கணக்குத்தான். விரல் நுனிச் சதையால் மீட்டினால் மேற்சுரங்கள் மெலிகின்றன. கடினமான மீட்டியால் அடித்தால் அவை பெருகுகின்றன. கிட்டார் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் கம்பிகளின் நீளம் குறைந்து எல்லாச் சுரங்களும் மேலேறும், கூட்டத்தின் அடர்ந்த பகுதியிலிருந்து சற்று விலகும். நீண்டு ஒலிக்கும் சுரத்தைவிடச் சட்டென்று தொடங்கும் ஒலியைக் காது எளிதில் பிடிக்கும். எனவே தாளக்கட்டு தெளிவான, வெட்டி வெட்டி அடிக்கும் மீட்டல் பாரில் பிழைக்கிறது; நுணுக்கமாக ஒவ்வொரு கம்பியாக இழையவிடும் வாசிப்பு முதலில் அடிபட்டுப் போகிறது.

அடுத்த எதிரி அறையே. சுவர், தரை, கூரை, கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வரும் ஒலிக்கு எதிர்முழக்கம் என்று பெயர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறை ஒன்றில் பேச்சே புரியவில்லை. வாய் மூடிய பிறகும் ஒலி ஐந்து வினாடிகளுக்கு மேல் நீடித்தது. இளம் ஆசிரியரான வாலஸ் சபைன் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, ஒலி தேய்ந்து மறைய எவ்வளவு நேரமாகிறது என்று காதாலேயே அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. ஒலி உறிஞ்சலும் அறையின் கொள்ளளவும் எதிர்முழக்க நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விதி அங்கே பிறந்தது. மனித உடலும் ஆடையும் நல்ல உறிஞ்சிகள் என்பதும் அவரது அளவீடுகளில் தெரிந்தது. மாலையில் காலி அறையில் சரிபார்த்துவைத்த ஒலி, ஆட்கள் நிரம்பியதும் மாறிவிடுவது இதனால்தான். குறிப்பாக உயர்ந்த அதிர்வெண்களை, அதாவது சொல்லின் விளிம்புகளை, உடைகள் குடித்துவிடுகின்றன.

பாடகரிடமிருந்து நேராக வரும் ஒலி தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். சுற்றி வரும் எதிர்முழக்கமோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஏதோ ஒரு தொலைவில் இரண்டும் சமமாகும். சுமார் 300 கன மீட்டர் கொள்ளளவும் ஒரு வினாடி எதிர்முழக்க நேரமும் உள்ள அறையில், எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் ஒலிக்கு அந்த எல்லை ஒரு மீட்டர்தான். அதற்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் கேட்பதில் பெரும்பகுதி கலங்கிய ஒலி. ஒலியைக் குறிப்பிட்ட திசையில் குவித்து அனுப்பும் ஸ்பீக்கர் இந்த எல்லையைத் தள்ளிவைக்கும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் முன்வரிசை முழங்கால்களே அதை விழுங்கும். தாங்கியில் ஏற்றி, தலைகளுக்கு மேலே இருத்தி, கடைசி மேசைகளை நோக்கிச் சற்றே சாய்த்தால், முன்வரிசைக் காதும் கிழியாது, பின்வரிசைக்கும் சொல் எட்டும். பணம் செலவில்லாத இந்த மாற்றத்துக்கு இணையான பலன் வேறு எதிலும் எளிதில் கிடைப்பதில்லை.

மைக்கின் இடமும் அப்படியே. வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டராகக் குறைந்தால் குரல் 20 டெசிபெல் கூடுதலாகப் பதிவாகும். தூரத்திலிருந்து வரும் கூட்டத்தின் ஒலி மாறாது. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகள் முன்புற ஒலியை நன்றாகவும் பின்புற ஒலியை மிகக் குறைவாகவும் வாங்கும்படி அமைந்தவை. மிக நெருங்கினால் இவ்வகை மைக்கில் அடித்தொனி பருத்துவிடும். அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் சமன்படுத்தியில் அதைக் குறைக்காவிட்டால் மேலே சொன்ன மறைத்தல் வேலையைத் தொடங்கிவிடும்.

சத்தத்தைக் கூட்டும்போது எழும் ஊளை எல்லோரும் கேட்டதுதான். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் நுழைந்து, பெருக்கப்பட்டு, மீண்டும் ஸ்பீக்கரில் வெளிவந்து, மீண்டும் மைக்குக்குள் நுழைகிறது. சுற்று ஒவ்வொன்றிலும் சிறிதளவு பெருகினாலும் போதும், ஏதோ ஓர் அதிர்வெண் வெடித்துக் கிளம்பும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படும். அக்கூஸ்டிக் கிட்டார் இதற்கு எளிதில் இரையாகும். அதன் மரப்பலகை காற்றை அசைப்பதற்காகவே மெலிதாகச் செய்யப்பட்டது. அதே மெலிவால் காற்றும் பலகையை அசைக்கும். கிட்டார் உடலிலுள்ள துளையின் காற்று வெளியே உள்ளே என ஆடும் இயல்பான அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அருகில் அமையும். ஊளை அங்கேதான் முதலில் பிறக்கும். துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் அந்த ஆட்டம் அடங்குகிறது. அந்த ஒரு குறுகிய பட்டையை மட்டும் வெட்டும் வடிப்பானும் உதவும். கம்பிகள் அமரும் பாலத்தின் அடியில் பீசோ பிக்கப் என்ற உணர்வியைப் பொருத்துவது இன்று பரவலான வழி. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகப் பண்பை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அந்தப் பண்பே இதன் அடிப்படை. காற்றில் வரும் ஒலியை நம்பாமல் கம்பியின் அழுத்தத்தை நேரடியாக வாங்குவதால் கூட்டத்தின் கூச்சல் அதற்குள் அதிகம் புகாது.

இத்தனையும் செய்த பிறகும் காது பாதிதான். மீதி மூளை. 1953இல் காலின் செரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கேட்பவரின் இரு காதுகளிலும் இரண்டு வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கவிட்டார். ஒன்றைக் கவனிக்கச் சொன்னால் அதைச் சிரமமின்றித் திரும்பச் சொன்னார்கள். கவனிக்காத காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியதைச் சொல்ல முடிந்தது. பேச்சு வேறு மொழிக்கு மாறியதைக்கூடப் பலரால் சொல்ல முடியவில்லை. மேடைக்கு முதுகு காட்டி நண்பரிடம் பேசிக்கொண்டிருப்பவரின் நிலையும் இதுதான். யாரோ பாடுகிறார் என்று தெரியும். என்ன பாடுகிறார் என்பது உள்ளே போவதில்லை.

தெரிந்த பாட்டு இந்தக் கதவைத் திறக்கிறது. டபிள்யூ. ஜே. டவ்லிங் 1973இல் இரண்டு பிரபலமான மெட்டுகளின் சுரங்களை மாற்றி மாற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, ஒரே சுரவரம்பில் வேகமாக ஒலிக்கவிட்டார். கேட்டவர்களுக்கு அது வெறும் குழப்பம். உள்ளே இருக்கும் மெட்டின் பெயரை முன்கூட்டியே சொன்னபோது அதை அவர்களால் பிரித்தெடுக்க முடிந்தது. எதைத் தேடுவது என்று தெரிந்தால் காதுக்குக் கிடைக்கும் துணுக்குகளே போதுமானவை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு ரிச்சர்ட் வாரன் காட்டியது இன்னும் வியப்பானது. பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை அறவே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வாக்கியம் முழுமையாக இருந்தது என்றே சொன்னார்கள். இல்லாத எழுத்து அவர்களுக்குக் கேட்டது. நீக்கிய இடத்தை வெறும் மௌனமாக விட்டபோது மட்டும் குறை தெரிந்தது. இரைச்சல் மூடிய இடத்தை மூளை தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறது.

புதிய பாட்டுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. பத்தில் ஆறு சொல் காதில் விழுந்தால், கவர் பாட்டு முழுமையாகக் கேட்கும். புதுப்பாட்டு ஆறு சொல்லாகவே நிற்கும். இரைச்சலான பாரில் சொந்தப் பாட்டு பாடும் கலைஞரை யாரும் கவனிப்பதில்லை என்றால், பாட்டின் தரத்தைக் குறைசொல்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாஷ்வில் நகரிலேயே இதற்கு நேரெதிரான இடமும் இருக்கிறது. 1982இல் ஏமி குர்லண்ட் தொடங்கிய ப்ளூபேர்ட் கஃபேயில் சுமார் 90 இருக்கைகள். பாட்டு நடக்கும்போது பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். 1980களின் நடுவிலிருந்து பாடலாசிரியர்கள் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் சொந்தப் பாட்டுகளைப் பாடும் முறையும் நிலைபெற்றது. நடுவில் இருப்பதால் மிகத் தொலைவான இருக்கைக்கும் பாதித் தூரம்தான். பேச்சு இல்லாததால் லொம்பார் சங்கிலி தொடங்குவதே இல்லை. புதிய சொற்கள் மறைபடாமல் போய்ச் சேருகின்றன. பிராட்வேயில் கவர் பாட்டும் ப்ளூபேர்டில் சொந்தப் பாட்டும் தழைத்ததற்கு வணிகக் காரணங்கள் உண்டு. ஒலியியல் காரணமும் உண்டு.

பாடுபவரின் காதும் குரலும் கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு தேசிய நிறுவனம் 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாக வேண்டும். 91 டெசிபெல் உள்ள மேடையில் இரண்டு மணி நேரத்திலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். லொம்பார் விளைவு பாடகரையும் விட்டுவைப்பதில்லை. தன் குரல் தனக்குக் கேட்காதபோது அவர் அறியாமலே தொண்டையை வருத்துகிறார். பாடகரை நோக்கி வைக்கும் சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் இதைத் தணிக்கிறது. சாதாரணப் பஞ்சுக் காதடைப்பான் உயர்ந்த அதிர்வெண்களையே அதிகம் வெட்டும் என்பதால் இசை மந்தமாகக் கேட்கும். எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் இசைக் கலைஞர்களுக்கென்றே கிடைக்கின்றன. காதை அடைத்தால் எலும்பு வழியே வரும் தன் குரல் கூடுதலாகக் கேட்கும். இரைச்சலில் காதடைப்பான் அணிந்தவர் தானாகவே சற்றுத் தணிந்த குரலில் பேசுவதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மைக் அருகில் இருக்கும்வரை அந்தத் தணிவால் பாட்டுக்கு நட்டமில்லை; தொண்டைக்குத்தான் லாபம்.